றோயல் பார்க்கில் ஒரு முகாம் இருந்தது

நண்பர் ஒருவர் சத்திரசிகிச்சைக்காக றோயல் மெல்பேர்ண் ஆஸ்பத்திரியில் தங்கியிருந்த நாட்களில், மாலை வேளைகளில் அவரைப் பார்த்துவிட்டு வெளியே வந்து சற்றுத் தூரம் நடப்பது எனக்கு வழக்கமாகியிருந்தது. ஆஸ்பத்திரியைத் தாண்டிச் சிறிது தூரம் போனால் றோயல் பார்க் வந்துவிடும். பரந்த புல்வெளி. நாயுடன் நடப்பவர்கள், பந்தடிக்கும் பிள்ளைகள், மிருகக்காட்சிச்சாலைப் பக்கமாகப் போகும் ட்ராம் வண்டி. எதையும் மறைத்து வைத்திருக்கும் இடமாக அது தோன்றாது. அங்கே 14 ஆண்டுகள் ஒரு முகாம் இருந்தது என்பதைப் பின்னர்தான் வாசித்து அறிந்தேன். முதல் நான்கு ஆண்டுகள் அது பெரும்பாலும் அந்நியச் சிப்பாய்களின் முகாம். அடுத்த பத்து ஆண்டுகள் அது வீடில்லாதவர்களின் முகாம்.

முகாம் என்ற சொல்லைக் கேட்டதும் நம்மவர்கள் எவருக்கும் ஒரு கணம் மனம் நின்றுதான் போகும். தங்குமிடம் என்ற பொருளுள்ள அரபுச் சொல் அது. எங்கிருந்தெங்கோ சுற்றித் தமிழுக்கு வந்து சேர்ந்தது. ஆமி இருக்குமிடமும் முகாம்தான். ஆமி வந்ததால் ஓடிப்போனவர்கள் இருக்குமிடமும் முகாம்தான். பலாலி முகாம் என்கிறோம், மண்டபம் முகாம் என்கிறோம். சொல்லில் வேறுபாடு இல்லை. வலிகாமம் வடக்கிலிருந்து 1990 இல் வெளியேறிய எங்களைப் போன்றவர்கள், முதலாவது முகாம் பெருத்ததனால் இரண்டாவது முகாமுக்குப் போய்ச் சேர்ந்தோம். றோயல் பார்க்கில் இந்த இரண்டும் ஒரே மண்ணில், ஒரே தகரக் கூரைகளின் கீழ், ஒன்றன்பின் ஒன்றாக நடந்திருக்கின்றன. அந்தக் கதையைத்தான் இங்கே சொல்ல விரும்புகிறேன்.

*

1942 ஆம் ஆண்டின் ஆரம்பம் அவுஸ்திரேலியாவுக்கு மிகவும் பயங்கரமான காலம். பெப்ரவரி 15 இல் சிங்கப்பூர் வீழ்ந்தது. நான்கு நாட்களின் பின்னர், பெப்ரவரி 19 இல், யப்பானிய விமானங்கள் டார்வின் நகரைக் குண்டுவீசித் தகர்த்தன. இந்நாட்டின் பயிற்சிபெற்ற சிப்பாய்களில் பெரும்பகுதியினர் மத்திய கிழக்கில் இருந்தார்கள். ஒரு பகுதியினர் மலாயாவில் சிறைப்பட்டுவிட்டார்கள். மத்திய கிழக்கிலிருந்து திரும்பிக்கொண்டிருந்தவர்களில் இரண்டு பிரிகேட்டுகள் வழியில் இலங்கையில் இறக்கப்பட்டு, 1942 மார்ச் தொடக்கம் யூலை வரை எங்கள் தீவைக் காத்து நின்றன என்பது நம்மில் பலர் அறியாத செய்தி. அவுஸ்திரேலியப் பையன்கள் இலங்கையின் வெயிலில் முகாமிட்டிருந்த அதே மாதங்களில்தான் அமெரிக்கப் பையன்கள் மெல்பேர்ண் வந்து இறங்கினார்கள்.

பிரதமர் யோன் கேர்ட்டின் 1941 டிசம்பர் 27 இலேயே, பிரித்தானியாவுடன் உள்ள பழைய உறவை எண்ணித் தயங்காமல் இனி அமெரிக்காவையே நோக்குவோம் என்ற கருத்தில் பத்திரிகையில் எழுதியிருந்தார். அடுத்த மார்ச் 21 இல் ஜெனரல் மக் ஆர்தர் ஸ்பென்சர் வீதிப் புகையிரத நிலையத்தில் வந்து இறங்கினார். கொலின்ஸ் வீதியில் அவரது தலைமையகம் அமைந்தது. மென்சீஸ் ஹோட்டல் அவரது வீடாயிற்று. ஜெனரலுக்கு ஹோட்டல், சிப்பாய்க்கு றோயல் பார்க். டார்வின் வானில் பெப்ரவரி 19 இல் கொல்லப்பட்ட அமெரிக்க விமானி மேஜர் ஃபுளொயிட் பெல் என்பவரின் பெயரால் அந்த இடம் காம்ப் பெல் என அழைக்கப்பட்டது. அருகே புதிதாகக் கட்டி முடிந்திருந்த ஆஸ்பத்திரியும், நண்பர் படுத்திருந்த அதே ஆஸ்பத்திரிதான், நகர மக்கள் ஒருநாள்கூடப் பயன்படுத்துமுன்னரே அமெரிக்க இராணுவத்தின் நான்காவது பொது ஆஸ்பத்திரியாக மாறிவிட்டது. நகரத்தவர்களுக்கு அது திரும்பக் கிடைத்தது 1944 இல்தான்.

யுத்தம் முடியும்வரை அவுஸ்திரேலியா வழியாக வந்துபோன அமெரிக்கர்கள் பத்து லட்சத்துக்குக் கிட்ட இருக்கும் என்கிறார்கள். அப்போது இந்நாட்டின் மொத்தச் சனத்தொகையே ஏறத்தாழ 70 லட்சம்.

யுத்த சரித்திரங்களில் போர் முனைகளின் வரைபடங்கள் நிறைய இருக்கும். ஆனால் ஒரு சிப்பாயின் யுத்தத்தில் பெரும்பகுதி காத்திருப்புத்தான். அதிகாலையில் எழும்புவது, வரிசையில் நிற்பது, அணிநடை, துப்பாக்கி துடைப்பது, சாப்பாட்டுக்கு வரிசை, குளிப்பதற்கு வரிசை, தபால் வந்ததா என்று பார்ப்பது, கடிதம் எழுதுவது. எழுதிய கடிதத்தை அதிகாரி வாசித்து, வெட்டவேண்டியதை வெட்டிய பிறகுதான் உறை ஒட்டப்படும். தான் எங்கே இருக்கிறேன் என்று தாய்க்கு எழுத முடியாது. இந்த நாட்டைப் பற்றிய சிறிய கைந்நூல் ஒன்றை அமெரிக்க இராணுவம் அச்சிட்டுச் சிப்பாய்களுக்குக் கொடுத்திருந்தது. பவுண், சிலிங், பென்ஸ் என்ற காசுக் கணக்கு, இங்குள்ளவர்களின் பேச்சு வழக்கு, கிரிக்கெட் முதலியவை அதில் விளக்கப்பட்டிருந்தன. புதிய நாட்டில் வந்திறங்கியதும் நம் கையில் தரப்பட்ட வரவேற்புப் புத்தகங்கள் எனக்கு நினைவுக்கு வருகின்றன.

சாப்பாடு பெரிய பிரச்சினையாக இருந்தது. அவுஸ்திரேலியா ஆட்டிறைச்சி நாடு. அமெரிக்கனுக்கு ஆட்டிறைச்சி வாயில் வைக்க முடியாதது. இவர்கள் தேநீர்க்காரர்; அவர்கள் கோப்பிக்காரர். வெளியே கடைகளில் பொரித்த மாட்டிறைச்சித் துண்டும் முட்டையும் கிடைப்பதைக் கண்டுபிடித்ததும் விடுமுறை நாளில் அதுவே அவர்களின் விருந்தாயிற்று. இந்த நேரத்தில்தான் உள்ளூர்க் குடும்பங்கள் கூப்பன் புத்தகத்துடன் நின்றன என்பதையும் சொல்லவேண்டும். 1942 யூனில் உடுப்பு, யூலையில் தேயிலை, ஓகஸ்டில் சீனி, 1943 இல் வெண்ணெய், 1944 இல் இறைச்சி என ஒவ்வொன்றாகப் பங்கீட்டுக்கு வந்தன. அப்படியிருந்தும் ஞாயிற்றுக்கிழமைகளில் அறியாத பையன்களை வீட்டுக்கு அழைத்துச் சாப்பாடு போட்ட குடும்பங்கள் நிறைய இருந்தன. தங்கள் பிள்ளை வேறெங்கோ ஒரு முகாமில் இருக்கிறான். அவனுக்கும் எவராவது போடுவார்கள் என்ற எண்ணமாக இருக்கலாம்.

மறுபக்கமும் உண்டு. அமெரிக்கச் சிப்பாயின் சம்பளம் அவுஸ்திரேலியச் சிப்பாயின் சம்பளத்தைப் போல ஏறத்தாழ இரு மடங்கு. அவன் சீருடை நல்ல துணியில் தைத்தது. அவன் கையில் சிகரட்டும் நைலோன் காலுறையும் பூச்செண்டும் இருந்தன. வாடகைக் கார்கள் அவனுக்குத்தான் நின்றன. மதுச்சாலைகளோ மாலை ஆறு மணிக்கே மூடப்பட்டன. முதலாம் யுத்த காலத்தில் வந்த இச்சட்டம் நியூ சவுத் வேல்ஸில் 1955 வரையும் விக்டோரியாவில் 1966 வரையும் இருந்தது. ஐந்து மணிக்கு வேலை முடிந்து வருபவர்களும் சிப்பாய்களும் ஒரு மணி நேரத்துக்குள் குடிக்கக்கூடியதைக் குடித்துவிட்டு, ஒரே நேரத்தில் வீதிக்குத் தள்ளப்பட்டார்கள். அடிதடிக்கு வேறு காரணம் தேவையில்லை. பிறிஸ்பேனில் 1942 நவம்பர் 26, 27 இரவுகளில் இரு நாட்டுச் சிப்பாய்களும் தெருவில் மோதியதில் ஓர் அவுஸ்திரேலியச் சிப்பாய் சுட்டுக் கொல்லப்பட்டார். நட்பு நாட்டுப் படைகள்தான். ஒரே எதிரிதான். ஆனாலும் வந்திருப்பவன் வந்திருப்பவன்தான்.

*

காம்ப் பெல்லின் பெயர் இந்நகரத்தின் நினைவில் கறுத்துப்போனதற்குக் காரணம் ஒரேயொரு சிப்பாய். எட்வர்ட் லியொன்ஸ்கி என்ற 24 வயதுக்காரன். 1942 மே மாதத்தில், யப்பானிய விமானங்களுக்கு அஞ்சித் தெருவிளக்குகள் மங்கலாக்கப்பட்டிருந்த இரவுகளில், மூன்று பெண்களைக் கழுத்தை நெரித்துக் கொன்றான். மூன்றாவது பெண் கொல்லப்பட்டது முகாமுக்கு மிக அருகே. பதுங்கு குழிகள் வெட்டிய மஞ்சள் மண் அவனைக் காட்டிக்கொடுத்தது. அதே சேறு அவனது கூடாரத்திலும் இருந்தது.

அடுத்து நடந்ததைக் கவனிக்கவேண்டும். அவுஸ்திரேலிய மண்ணில் அவுஸ்திரேலியப் பெண்களைக் கொன்றவனை அவுஸ்திரேலிய நீதிமன்றம் விசாரிக்கவில்லை. அமெரிக்க இராணுவ நீதிமன்றமே மெல்பேர்ண் நகரில் கூடி விசாரித்தது. வந்திருக்கும் படை தன் சட்டத்தையும் தன்னோடு கொண்டு வந்திருந்தது. இந்நாட்டுச் சட்ட அறிஞர்களில் சிலருக்கு அது உறுத்தலாக இருந்ததில் வியப்பில்லை. எனினும் வழக்கு மூடி மறைக்கப்படவில்லை. குற்றம் நடந்து ஆறு மாதத்துக்குள், 1942 நவம்பர் 9 இல், பென்ரிஜ் சிறையில் அவன் தூக்கிலிடப்பட்டான். மரண தண்டனையை நான் ஆதரிப்பவன் அல்லன். ஆயினும் இதை வாசிக்கும் நம்மவர் எவரும் செம்மணியை நினையாமல் இந்தப் பக்கத்தைத் தாண்ட முடியாது. முகாமுக்கு வெளியே வாழும் ஒரு பெண்ணுக்கு முகாமின் எசமான்கள் பதில் சொல்லக் கடமைப்பட்டவர்களா என்பதே அங்கும் இங்கும் எழுந்த கேள்வி. இங்கே அவர்கள் பதில் சொன்னார்கள். காரணம், இந்த நகரத்து மக்களின் நல்லெண்ணம் அவர்களுக்குத் தேவையாயிருந்தது.

*

அந்த ஆண்டில் மெல்பேர்ண் கிரிக்கெட் மைதானமும் அமெரிக்கரிடம் போயிற்று. இன்று நாம் இலங்கை அணியின் ஆட்டம் பார்க்கப் போவதா விடுவதா என்று விவாதிக்கும் அதே மைதானம். முதலில் அமெரிக்க விமானப்படையினர் அங்கே இருந்தார்கள். 1943 ஜனவரியில் முதலாவது மரீன் டிவிஷன் மெல்பேர்ண் வந்து சேர்ந்தது.

அவர்கள் குவாடல்கனால் தீவிலிருந்து வந்தவர்கள். யப்பானியரோடு மாதக்கணக்கில் காட்டில் போரிட்டவர்கள். முதலில் பிறிஸ்பேனுக்கு அருகே ஓர் இடத்தில் இறக்கப்பட்டார்கள், அங்கு நுளம்பு. ஏற்கெனவே மலேரியாவால் நடுங்கிக்கொண்டிருந்தவர்களுக்கு அது ஏற்ற இடமல்ல என்று அவர்களின் தளபதி வண்டெகிரிஃப்ற் சண்டை பிடித்து அவர்களைக் குளிரான மெல்பேர்ணுக்குக் கொண்டுவந்தார். ஒரு ரெஜிமென்ற் கிரிக்கெட் மைதானத்தில் தங்கியது; மற்றவை மோர்னிங்டன் கரையோரத்திலும் பல்லராற்றிலும் தங்கின. மைதானத்தில் பார்வையாளர் அமரும் படிவரிசைகளில் இரும்புக் கட்டில்களை அடுக்கிச் சிப்பாய்கள் படுத்தார்கள். மேலே கூரை உண்டு. முன்னால் சுவர் இல்லை. மெல்பேர்ண் காற்று எப்படிப்பட்டது என்பதை இங்குள்ளவர்களுக்கு நான் விளக்கத் தேவையில்லை.

அங்கே வாழ்ந்தவர்களில் ஒருவரான றொபேட் லெக்கி 1957 இல் வெளியிட்ட நினைவு நூலில் இந்த மாதங்கள் இடம்பெறுகின்றன. அவர் போன்றவர்களின் எழுத்துக்களிலிருந்து தெரிவது, அவர்களுக்கு மெல்பேர்ண் ஒரு சொர்க்கமாகத் தோன்றியது என்பதுதான். மெத்தைக் கட்டில், சுடுதண்ணீர், பால், பியர், ஆங்கிலம் பேசும் பெண்கள், செயின்ற் கில்டா கடற்கரை, நடன மண்டபங்கள். காட்டில் உக்கிப்போன அவர்களின் உடுப்புக்குப் பதிலாக அவுஸ்திரேலிய இராணுவத்தின் கம்பளிச் சட்டை கொடுக்கப்பட்டது. அது பிடித்துப்போய்ப் பின்பும் அணிந்தார்கள். நீல நிறத்தில் சிவப்பு எண் ஒன்றும், அதைச் சுற்றித் தென்சிலுவை நட்சத்திரங்களும் கொண்ட அவர்களது தோள் சின்னம் இங்கேதான் வரையப்பட்டுத் தைக்கப்பட்டது. வோல்சிங் மற்றில்டா அவர்களுடைய டிவிஷன் பாட்டாகவே மாறிவிட்டது. சின்னமும் பாட்டும் அந்த டிவிஷனோடு தொடர்ந்தன. 2012 முதல் டார்வினுக்குச் சுழற்சி முறையில் அமெரிக்க மரீன்கள் வரத் தொடங்கியபோது பழைய மெல்பேர்ண் உறவு மீண்டும் நினைவூட்டப்பட்டது.

சொர்க்கமென்றாலும் இரவில் மலேரியா வந்து உலுக்கும். ஆயிரக்கணக்கானோர் ஆஸ்பத்திரிக்குப் போய்வந்தார்கள். மஞ்சள் நிற அற்றபிறின் குளிசைகளால் தோலும் மஞ்சளாகியது. பகலில் நீண்ட தூர அணிநடை. ஒன்பது மாதங்கள் இவ்வாறு போயின. 1943 செப்ரெம்பர் இறுதியில் கப்பலேறினார்கள். அந்த டிசம்பரில் கேப் குளொஸ்ரர். 1944 செப்ரெம்பரில் பெலெலியு. கிரிக்கெட் மைதானத்தில் படுத்திருந்த அந்த ரெஜிமென்ற் பெலெலியுவில் பாதிக்கு மேல் காயமுற்றோ இறந்தோ அழிந்தது. இதை அறிந்த பிறகு, அந்தப் படிவரிசைகளில் குடித்துப் பாடிய 19, 20 வயதுப் பையன்கள்மீது கோபம் கொள்ள என்னால் முடியவில்லை. சீருடையைக் கண்டால் இன்றும் என் நெஞ்சு இறுகுவது வழக்கம். ஆனாலும் முடியவில்லை.

*

சிட்னிக்கு வருவோம். அங்கே கதை இன்னொரு நிறம் எடுக்கிறது. வெள்ளை அவுஸ்திரேலியக் கொள்கை உச்சத்தில் இருந்த காலம் அது. கறுப்பு அமெரிக்கச் சிப்பாய்களை அனுப்பவேண்டாம் என்றே 1942 ஜனவரியில் இந்நாட்டு அரசு முதலில் சொல்லிப் பார்த்தது. யுத்தம் அந்த வசதியைக் கொடுக்கவில்லை. வந்த கறுப்பர்களைப் பெரும்பாலும் வடக்கே, வீதி போடவும் விமானத்தளம் அமைக்கவும், நகரங்களுக்குத் தூரமாக வைத்தார்கள். பிறிஸ்பேனில் ஆற்றைத் தாண்டி நகர மத்திக்கு வரக்கூடாது. சிட்னியில் விடுமுறையில் வருபவர்களுக்கென சரி ஹில்ஸ் பகுதியில், அல்பியன் வீதியில், புக்கர் ரி. வாஷிங்டன் கிளப் என்ற தனி மண்டபம் திறக்கப்பட்டது. வேறு இடங்களில் வாசலில் மறிக்கப்பட்ட ஆதிக்குடிப் பெண்களும் ஆண்களும் அந்த மண்டபத்துக்கு நடனமாட வந்தார்கள். சொந்த நாட்டில் அந்நியர்களாக வைக்கப்பட்டிருந்தவர்கள், அந்நிய நாட்டிலிருந்து வந்த இன்னொரு ஒதுக்கப்பட்ட கூட்டத்தோடு ஒரே தரையில் ஆடினார்கள். 1973 இல் அந்தக் கொள்கை முற்றாகக் கைவிடப்பட்ட பிறகே நம் போன்றவர்கள் இங்கு வரமுடிந்தது என்பதை எண்ணும்போது, அல்பியன் வீதியில் ஆடியவர்களுக்கு நாமும் ஏதோ கடன்பட்டிருக்கிறோம் என்று தோன்றுகிறது.

சிட்னிக்குத் திருகோணமலையோடும் ஒரு தொடர்புண்டு. 1942 ஏப்ரல் 9 இல் யப்பானியர் திருகோணமலையைத் தாக்கியபோது, மட்டக்களப்புக்கு அப்பால் ஹேர்மிஸ் என்ற விமானந்தாங்கிக் கப்பலோடு மூழ்கியது அவுஸ்திரேலிய நாசகாரிக் கப்பலான வம்பயர். பின்னர் 1945 ஜனவரியில், திருகோணமலையிலிருந்து பிரித்தானியப் பசிபிக் கப்பற்படை புறப்பட்டு, வழியில் சுமாத்திராவின் எண்ணெய் ஆலைகளைத் தாக்கிவிட்டு, பெப்ரவரியில் சிட்னித் துறைமுகத்தை அடைந்தது. உள்துறைமுகத்தின் வெக்கையிலும் நுளம்பிலும் கிடந்த கடற்படையினர் சிட்னியில் வோரிக் ஃபாம் குதிரைப் பந்தயத் திடலில் தங்கவைக்கப்பட்டார்கள். திருகோணமலைத் தளம் 1957 வரை பிரித்தானியரிடமே இருந்தது. அந்தத் தளத்தில் கிளாக்கராகவும் தொழிலாளியாகவும் வேலைசெய்த நம்மவர் குடும்பங்கள் பல. ஒரு தளம் ஊருக்குப் பயத்தை மட்டும் கொண்டுவருவதில்லை, சம்பளத்தையும் கொண்டுவருகிறது. அது போகும்போது இரண்டும் போய்விடுகின்றன.

*

யுத்தம் முடிந்தது. அமெரிக்கச் சிப்பாய்களை மணந்த ஏறத்தாழ 12,000 அவுஸ்திரேலியப் பெண்களில் பலர் 1946 இல் மொன்ரறி, மரிப்போசா போன்ற கப்பல்களில் கைக்குழந்தைகளோடு புறப்பட்டார்கள். புலம்பெயர்ந்தவர்கள் என்று அவர்களை எவரும் அழைப்பதில்லை. ஆனால் துறைமுகத்தில் நின்று கையசைத்த தாய்மார் அறிவார்கள்.

முகாம்கள் மிஞ்சின. சிட்னியில் ஹேர்ன் பே என்ற இடத்தில் அமெரிக்கர் 1943 இல் பெரியதோர் இராணுவ ஆஸ்பத்திரியை மரக் கட்டடங்களாக அமைத்திருந்தார்கள். யுத்தத்தின் பின் நகரில் வீடில்லாமல் தவித்த குடும்பங்கள் அந்தக் கட்டடங்களைத் தடுப்புப் போட்டுப் பிரித்து வாழ்ந்தன. அங்கு வாழ்வது வெட்கமென்று ஆகி, 1950 களின் இறுதியில் ஊர்ப் பெயரே றிவர்வுட் என்று மாற்றப்பட்டது.

மெல்பேர்ணில் காம்ப் பெல்லுக்கும் அதே விதி. 1946 முதல் விக்டோரிய வீடமைப்பு ஆணைக்குழு வீடற்ற குடும்பங்களை அந்தக் குடிசைகளில் குடியேற்றியது. தற்காலிகம் என்றுதான் சொன்னார்கள். சிப்பாய் சில மாதம் படுப்பதற்காகப் போட்ட மெல்லிய சுவர்களுக்குள் தாய் தகப்பன் பிள்ளைகள் வருடக்கணக்கில் கிடந்தார்கள். பொதுக் குழாய், பொதுக் கழிப்பிடம், மழைக்குச் சேறு. நகரத்தவர்கள் அதைக் காம்ப் ஹெல், அதாவது நரக முகாம், என்றார்கள். பள்ளிக்கூடத்தில் முகாம் பிள்ளை என்ற பெயர் எப்படி ஒட்டிக்கொள்ளும் என்பதை மண்டபத்திலோ செட்டிகுளத்திலோ இருந்தவர்களிடம் கேட்கத் தேவையில்லை. நாட்டைக் காக்க வந்த அந்நியன் படுத்தபோது அந்தக் கூரை கௌரவமாக இருந்தது. சொந்த நாட்டு ஏழை படுத்தபோது அதே கூரை அவமானமாயிற்று. கூரையில் மாற்றம் இல்லை.

1956 இல் ஒலிம்பிக் விளையாட்டு மெல்பேர்ணுக்கு வந்தது. வெளிநாட்டவர் கண்ணில் படக்கூடாதென்று காம்ப் பெல் அவசரமாகக் கலைக்கப்பட்டது, குடும்பங்கள் வேறிடங்களுக்கு அனுப்பப்பட்டன, குடிசைகள் பிடுங்கப்பட்டன. நவம்பர் 22 இல் ஒலிம்பிக் தொடங்கியது. எங்கே? மரீன்கள் கட்டில் போட்டுப் படுத்த அதே கிரிக்கெட் மைதானத்தில். 1956 என்றால் நமக்கு வேறொரு நினைவு. தனிச் சிங்களச் சட்டம் வந்த ஆண்டு அது. இந்த நகரம் தன் முகாமைப் புல்லால் மூடிய ஆண்டில், எங்கள் ஊரில் பின்னாள் முகாம்களுக்கான அத்திவாரம் போடப்பட்டுக்கொண்டிருந்தது.

நண்பர் சுகமாகி வீட்டுக்குப் போய்விட்டார். நான் இப்போதும் சில வேளைகளில் றோயல் பார்க் பக்கம் போவதுண்டு. புல்லைப் பார்த்தால் எதுவும் தெரியாது. ஒரு முகாம் இவ்வளவு சுத்தமாக மறைந்துபோக முடியும் என்பது ஒருவகையில் ஆறுதல். வலிகாமம் வடக்கில் 2009 க்குப் பின்னர் பகுதி பகுதியாகக் காணிகள் விடுவிக்கப்பட்டபோது, போய்ப் பார்த்தவர்கள் எல்லைக் கல்லையும் கிணற்றையும் தேடித் திரிந்ததாகச் சொன்னார்கள். இங்கே தேடுவதற்கு எவருமில்லை. சிப்பாய்கள் தங்கள் நாட்டுக்குப் போய்விட்டார்கள் அல்லது பெலெலியுவில் கிடக்கிறார்கள். அவர்களுக்குப் பின் வாழ்ந்த பிள்ளைகள் இன்று முதியவர்கள். தாம் அங்கிருந்ததை அவர்களில் பலர் சொல்வதில்லை.

நாம் சொல்லவேண்டும் என்று நினைக்கிறேன். நாங்கள் இருந்த முகாமையும், எங்கள் வீட்டின்மேல் இருந்த முகாமையும், அவற்றில் யார் என்ன சாப்பிட்டார்கள், எங்கே படுத்தார்கள், யாருக்குக் கடிதம் எழுதினார்கள் என்பதையும். புல் முளைக்கும், அது நல்லதுதான். அதன் கீழே என்ன இருந்தது என்று யாராவது எழுதி வைத்திருக்கவேண்டும்.